டிப்பர் இல்லாத காலத்தில் வீதி போட்டவர்

என் அப்பா டிப்பர் சாரதியாக இருந்தவர். பள்ளி விடுமுறை நாட்களில் அவரோடு நானும் போவேன். கருங்கல் ஏற்றிக்கொண்டு மாவனெல்லைப் பக்கமிருந்து கடுகண்ணாவை ஏற்றத்தில் வரும்போது வண்டி முதல் கியரில் முனகும். ஒருநாள் குடைந்த பாறையருகே வந்தபோது, இந்தப் பாதையை வெட்டிய காலத்தில் கல்லையும் மண்ணையும் எதில் அள்ளினார்கள் என்று கேட்டேன். தலையில்தான் என்றார்.

பல வருடங்களுக்குப் பிறகு தோமஸ் ஸ்கின்னரின் வாழ்க்கையை வாசித்தபோது அந்தப் பதில் ஞாபகத்துக்கு வந்தது.

ஸ்கின்னர் 1804இல் கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் பிறந்தவர். தந்தை பிரித்தானியப் பீரங்கிப் படை அதிகாரி. அவர் திருகோணமலையில் பணியாற்றியதால் மகனும் சிறுவனாகவே இலங்கைக்கு வந்து, பதினைந்து வயதளவில் படையில் சேர்ந்தார். 1820இல் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பு–கண்டி வீதியைத் தொடங்கியபோது, அதில் ஒரு பகுதியை அமைக்கும் பொறுப்பு ஸ்கின்னரிடம் வந்தது. அவருக்கு அப்போது 16 வயது. வீதி வேலை பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அவரிடம் வேலைக்கு வந்த கண்டிக் கிராமத்தவர்களுக்கும் தெரியாது. செய்து செய்தே படித்தார்கள்.

கண்டி இராச்சியம் வீழ்ந்து ஐந்து வருடங்களே ஆகியிருந்த காலம் அது. படையும் பீரங்கியும் மலையேற ஆங்கிலேயருக்கு வீதி அவசரமாகத் தேவைப்பட்டது. கிராமத்தவர்கள் விரும்பி வரவில்லை. இராஜகாரியம் என்ற கட்டாய உழைப்பு முறையில் அழைத்துவரப்பட்டார்கள். அந்த முறை 1832இல்தான் ஒழிக்கப்பட்டது.

மண்ணைக் கொட்டும் லொறி அப்போது உலகில் எங்குமே இல்லை. எண்ணெய் அழுத்தத்தால் பெட்டியைத் தூக்கிச் சரிக்கும் முறை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் பரவியது. கடுகண்ணாவையில் அலவாங்கு, மண்வெட்டி, வெடிமருந்து, கூடை இவைதான். அப்பாவின் டிப்பர் மூன்று கியூப் கொள்ளும். ஒரு கியூப் 100 கன அடி. ஒரு கூடைக்கு அரைக் கன அடி என்று வைத்தால், அப்பா ஒரு நெம்பை இழுத்துக் கொட்டும் பாரம் 600 கூடை. ஒவ்வொரு கூடைக்கும் ஒரு நடை.

ஸ்கின்னர் நாற்காலியில் இருந்து அதிகாரம் செய்தவரல்லர். காய்ச்சல் பரவிய காடுகளில் யானைத் தடங்களை வழிகாட்டியாகக் கொண்டு நடந்தார். பிரேசர் என்ற அதிகாரியோடு மலைநாட்டை நில அளவை செய்தார். 1841இல் வீதி ஆணையாளரானார். பின்னர் பொதுவேலைத் திணைக்களம் முழுவதும் அவர் பொறுப்பில் வந்தது. 1867இல் ஓய்வுபெற்றபோது நாட்டில் ஏறத்தாழ 3,000 மைல் வீதி இருந்தது. 1877இல் இங்கிலாந்தில் இறந்தார். அவருடைய நினைவுக் குறிப்புகள் 1891இல் நூலாக வந்தன.

அந்த வீதிகளில் மேலேறியது படை, கீழிறங்கியது கோப்பி. வீதிவேலைப் படையில் தென்னிந்தியத் தொழிலாளர்களும் இருந்தார்கள். கோப்பித் தோட்டங்களுக்கு வந்த எம்மவர்கள் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள்; வழியில் செத்தவர்கள் ஏராளம். 1848இல் 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் வருடத்தில் ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும், இல்லையேல் பணம் கட்டவேண்டும் என்று சட்டம் வந்தது. அந்த ஆண்டு மாத்தளையில் கிளர்ச்சி வெடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். கிளர்ச்சித் தலைவர் புரன் அப்பு கண்டி போகம்பரையில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

கடுகண்ணாவையில் கண்டி வீதியைத் திட்டமிட்ட கப்டன் டோசனுக்கு 1832இல் எழுப்பிய கோபுரம் நிற்கிறது. அங்குள்ள நெடுஞ்சாலை அருங்காட்சியகத்தில் பழைய நீராவி உருளைகளைப் பார்க்கலாம். ஸ்கின்னருக்கு நூல் இருக்கிறது. கூடை சுமந்த ஒருவரின் பெயரையும் நான் எங்கும் காணவில்லை.

பாட்டி இருந்த தோட்டத்துக்குப் போகும் பாதை இன்னும் தார் காணவில்லை. கொழுந்து லொறி எப்படியோ ஏறிவிடும். அம்புலன்ஸ் ஏறாது. கடைசியாகப் பாட்டிக்கு முடியாமல் போனபோது, பிரதான வீதி வரை நான்கு பேர் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். அதில் அப்பாவும் ஒருவர்.