மாணவர் அம்பேத்கர்

1901-ஆம் ஆண்டு. மராட்டியப் பகுதியின் மாசூர் தொடர்வண்டி நிலையத்தில் மாலை வேளையில் நான்கு சிறுவர்கள் வந்திறங்கினர். அவர்களுள் ஒருவர் பீமராவ். வெளியூரில் பணிபுரிந்த தந்தையைக் காண அவர்கள் வந்திருந்தனர். புத்தாடை அணிந்திருந்தமையால் நிலைய அலுவலர் முதலில் அன்பாகவே பேசினார். தாங்கள் மகர் குலத்தவர் என்று அவர்கள் கூறியதும் அவர் முகம் மாறிற்று. மாட்டுவண்டிக்காரர் எவரும் அவர்களை ஏற்றிச் செல்ல இசையவில்லை. இறுதியில் ஒருவர், இருமடங்குக் கூலி பெற்றுக்கொண்டு, வண்டியைச் சிறுவர்களே ஓட்டுவதென்றும் தாம் உடன் நடந்து வருவதென்றும் ஒப்பினார். கையில் உணவு இருந்தது. ஆனால், குடிநீர் கொடுப்பார் இல்லை. அன்றிரவு அவர்கள் உண்ணாமலே உறங்கினர்.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் என்னும் ஊரில் பிறந்த பீமராவ் அம்பேத்கர், பள்ளியில் ஏனைய மாணவர்களோடு அமர இயலவில்லை. வீட்டிலிருந்து கொண்டு சென்ற கோணியில் தனியே அமர்ந்தார். பள்ளி ஏவலர் ஊற்றினால்தான் தண்ணீர். அவர் வராத நாளில் தாகத்தோடு இருக்கவேண்டும். வடமொழி பயில விரும்பியும் இடம் கிடைக்காமையால் பாரசீகம் பயின்றார். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் இளங்கலைப் பட்டம் பெற்றபின், பரோடா மன்னர் சாயாஜிராவ் அளித்த உதவித்தொகையால் 1913-இல் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தை அடைந்தார்.

அங்கே உடன் பயின்றோர் அவரைச் சமமாக நடத்தினர். அதே அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் தொடர்வண்டியிலும் பள்ளியிலும் தனியே பிரித்து வைக்கப்பட்டிருந்தனர்.

1916 மே 9 அன்று, கோல்டன்வைசர் என்னும் பேராசிரியரின் மானிடவியல் கருத்தரங்கில் இந்தியச் சாதிகளின் தோற்றத்தைப் பற்றி அம்பேத்கர் ஒரு கட்டுரை வாசித்தார். அப்போது அவருக்கு அகவை 25. அக்கட்டுரையில் மாசூரும் இல்லை, கோணியும் இல்லை. தாம் பட்ட துன்பத்தை முன்வைத்து இரக்கம் தேடாமல், அதற்குக் காரணம் யாது என்னும் வினாவையே அவர் எடுத்துக்கொண்டார். அதன் வலிமையும் அதுவே எனலாம்.

சாதிக்கு அடிப்படை நிறவேறுபாடு என்று ஐரோப்பிய அறிஞர் பலர் கருதினர். அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை. தன் குழுவுக்குள்ளேயே மணம் முடிக்கும் அகமண வழக்கமே சாதியின் உயிர்நிலை என்றார். உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் ஆகிய கொடுமைகள் அவ்வழக்கத்தைக் காப்பதற்கே பயன்பட்டன என்று விளக்கினார். மேல்நிலையில் இருந்த குழு தன்னை மூடிக்கொண்டது. அதனைப் பார்த்துச் சில குழுக்கள் தாமும் மூடிக்கொண்டன. வேறு சில, பிறர் விலக்கியதனால் தனிச்சாதிகளாயின. தம் கருத்துத் தவறெனத் தெளிவானால் அதனைக் கைவிடவும் அணியமாக இருப்பதாக அவ்விளைஞர் கூறியது குறிப்பிடத்தக்கது.

அந்நாளில் திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்த நாஞ்சில்நாட்டில், சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைகூடப் பலருக்கு இல்லை. அதற்காக 1926-இல் அறப்போர் நிகழ்ந்தது. கோயில் நுழைவு ஆணை பிறந்ததோ 1936 நவம்பர் 12-இல்தான்.

அம்பேத்கரின் கட்டுரை 1917 மே மாதம் ஆய்விதழொன்றில் வெளிவந்தது. அவ்வாண்டே அவர் தாயகம் திரும்பி, உதவித்தொகை ஒப்பந்தப்படி பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். தங்குவதற்கு வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயருடன் தங்கினார். பதினொன்றாம் நாள் காலையில் தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேறச் சொன்னது. நண்பர் இருவரிடம் இடம் கேட்டார், அவர்களாலும் இயலவில்லை. பொதுப்பூங்காவில் அமர்ந்திருந்துவிட்டு, இரவு வண்டியில் பம்பாய்க்குப் புறப்பட்டார்.

நிறவெறி குறித்த அவருடைய தேடல் மாணவப் பருவத்தோடு முடியவில்லை. அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவையில் அளித்த முறையீட்டின் படியை வேண்டி, 1946-இல் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்கு மடல் எழுதினார். ஜூலை 31 நாளிட்ட மறுமொழியுடன் டு பாய்ஸ் அதனை அனுப்பிவைத்தார்.