சம்பளத்தை மிச்சம் வைக்காத பாதிரியார்

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே இன்று மாநில எல்லை இருக்கிறது. 1806-ல் அது கிடையாது. கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினாலே திருவாங்கூர் சீமைதான்.

அந்த ஆண்டு ஏப்ரலில் அக்கணவாய் வழியே ஒரு வெள்ளைக்காரர் வந்தார். பெயர் ரிங்கல்தௌபே. 1770-ல் பிரஷ்யாவில் பிறந்தவர். லண்டன் மிஷன் அனுப்பிய பாதிரியார். தரங்கம்பாடியில் தங்கித் தமிழ் படித்தவர். மயிலாடியைச் சேர்ந்த விவசாயி மகராசன் வேதமாணிக்கம் வருந்தி அழைத்ததால் வந்தார்.

மயிலாடியில் அவருக்கு வீடு ஒரு சிறு குடிசை. உள்ளே ஒரு கட்டில், ஒரு மேஜை, இரண்டு முக்காலி. சம்பளம் கைக்கு வந்ததும் ஏழைகளுக்குப் போய்விடும். ஊர் ஊராகச் சென்றார், பள்ளிகள் திறந்தார். தாழ்த்தப்பட்டவர்களின் பிள்ளைகளும் எழுத்துக் கற்றார்கள். ரெசிடெண்ட் கர்னல் மெக்காலேயின் உதவியால் 1809-ல் மயிலாடியில் கோயிலும் எழுந்தது.

உடல் நலிந்து, 1816-ல் பொறுப்பை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்துப் புறப்பட்டார். தலையில் ஒரு வைக்கோல் தொப்பி. மேலே போட ஒரு கோட்டுகூட இல்லை. கப்பலேறியவர் பிறகு என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியாது. கல்லறையும் இல்லை.

அவர் தொடங்கிய பணி பிற்காலத்தில் பாறசாலை, நெய்யாற்றின்கரை வரை பரவியது.