புதைத்து எடுக்கச் சொன்ன மேதை: ஆலன் டூரிங்

லேப் எக்ஸாமுக்கு இரண்டு நாள் முன்பு என் புரோகிராம் 'ஸ்டாக் ஓவர்ஃப்ளோ' என்று சொல்லிப் படுத்துவிட்டது. அந்தக் கடுப்பில் தேடியபோதுதான் இந்த மாமனிதரின் வாழ்க்கை எனக்குக் கிடைத்தது.

ஆலன் டூரிங் 1912 ஜூன் 23-ல் லண்டனில் பிறந்தார். இவருடைய தாயார் பிறந்த ஊர் எது தெரியுமா? நம்ம கோவை போத்தனூர்! தாய்வழித் தாத்தா மெட்ராஸ் ரயில்வேயில் தலைமைப் பொறியாளர்.

1936-ல், 24 வயதுக்குள், கணிப்பொறி என்றால் என்ன என்பதைக் காகிதத்திலேயே வகுத்துக் காட்டினார். இரண்டாம் உலகப்போரில் பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானியரின் எனிக்மா ரகசியக் குறியீடுகளை உடைக்க உழைத்தார்.

போர் முடிந்ததும் ஏ.சி.இ. என்ற கணிப்பொறிக்குத் திட்டம் எழுதினார். துணை நிரல் ஒன்றுக்குள் போகும்போது திரும்பி வரவேண்டிய முகவரியைப் 'புதை', முடிந்ததும் 'தோண்டி எடு' என்றார். கடைசியாகப் புதைத்ததே முதலில் வரும். ஹாஸ்டல் மெஸ்ஸில் தட்டு அடுக்குகிறோமே, அதேதான்! இன்று ஒவ்வொரு திரெட்டுக்கும் தனித்தனியாகத் தரப்படும் ஸ்டாக் இதுவே.

என் கதைக்கு வருகிறேன். தன்னையே அழைக்கும் ஃபேக்டோரியல் புரோகிராம். பூஜ்யம் வந்தால் நிற்கும். டெஸ்டிங் செய்த நண்பன் -1 கொடுத்தான். போச்சு! ஜாவாவில் திரெட்டின் ஸ்டாக் அளவை 1 எம்.பி.யிலிருந்து 16 எம்.பி. ஆக்கினேன். கொஞ்சம் தாமதமாக விழுந்தது, அவ்வளவுதான். 200 திரெட் ஓடினால் 3,200 எம்.பி. ஒதுக்கவேண்டும் என்பது பிறகே உறைத்தது.

டூரிங் 1949 ஜூனில் கேம்பிரிட்ஜில், பெரிய நிரலைச் சரிபார்ப்பது எப்படி என்று விளக்கினார். அவர் எடுத்த உதாரணமும் ஃபேக்டோரியலே! ஒவ்வொரு இடத்திலும் எது உண்மையாக இருக்கவேண்டும் என்று எழுதச் சொன்னார். நிரல் முடியும் என்பதற்கு, ஒவ்வொரு அடியிலும் குறைந்துகொண்டே வந்து ஓர் எல்லையில் நிற்கும் அளவு ஒன்றைக் காட்டச் சொன்னார். என் -1 குறைந்தது, எல்லைதான் இல்லை. ஒரு வரி நிபந்தனை சேர்த்தேன், சரியாகிவிட்டது. ஆழம் எவ்வளவு என்று கணக்குத் தெரிந்து, இடம் போதாவிட்டால் மட்டுமே ஸ்டாக்கைக் கூட்டவேண்டும்.

இத்தனை செய்தவரை, ஓரினச் சேர்க்கையாளர் என்பதற்காக 1952-ல் அவர் நாடு தண்டித்தது. 1954 ஜூன் 7-ல் சயனைடு விஷத்தால் மறைந்தார். வயது 41. மன்னிப்பு வந்ததோ 2013-ல்!

அடுத்த முறை ஓவர்ஃப்ளோ வந்தால் அளவை மாற்றக் கை போகட்டும். அதற்கு முன், எங்கே நிற்கும் என்று ஒரு நிமிடம் யோசிப்போம் நண்பர்களே. போத்தனூர்ப் பேரனுக்கு நாம் செலுத்தும் மரியாதை அதுதான்!