நம் வரலாற்றை நமக்களித்த நல்லாசிரியர்

தமிழகத்தில் சமணம் பெற்றிருந்த பெருவாழ்வைப் பொதுமக்கள் யாவரும் அறியும் வண்ணம் எளிய தமிழில் எழுதியவர்களுள் தலைசிறந்தவர் மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள். பிறப்பால் அவர் சமணர் அல்லர். ஆயினும் நம் முன்னோர் வரலாற்றை நமக்கும் நாட்டுக்கும் எடுத்துரைத்தவர் அவரே. ஆதலின் அவரை நினைந்து போற்ற நாம் கடமைப்பட்டுள்ளோம்.

சென்னை மயிலாப்பூரில் 16.12.1900 அன்று அவர் பிறந்தார். தந்தையார் சித்த மருத்துவர். இளமையில் ஓவியம் பயின்றார். சிறிது காலம் இதழ்ப் பணி செய்தார். பின்னர்த் தொடக்கப் பள்ளி ஆசிரியரானார். பல்கலைக்கழகப் பதவி எதையும் அவர் வகித்ததில்லை. திருமணமும் செய்துகொள்ளவில்லை. பள்ளிப் பணி போக எஞ்சிய நேரமெல்லாம் ஆராய்ச்சிக்கே உரியதாயிற்று. பழைய எழுத்துகளைக் கற்றுக் கல்வெட்டுகளைத் தாமே படிக்கும் ஆற்றலும் பெற்றார்.

அந்நாளில் சமணம் பற்றிய ஆராய்ச்சி இல்லாமலில்லை. கல்வெட்டுத் துறையினர் குகைகளிலும் கோயில்களிலும் படியெடுத்த சாசனங்களின் விவரம், ஆண்டறிக்கைகளில் எண்ணிட்டு வெளிவந்தது. 1922இல் இராமசாமி ஐயங்காரும் சேஷகிரி ராவும் தென்னிந்தியச் சமணம் பற்றி நூல் எழுதினர். 1941இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் தமிழில் உள்ள சமண இலக்கியம் பற்றி எழுதினார். ஆனால் இவை யாவும் ஆங்கிலத்தில் அமைந்தவை. தம் ஊர் மலையில் பொறித்திருப்பது என்ன என்பதை அவ்வூரார் அறிய வழியில்லை.

இக்குறையைப் போக்கியது 1954இல் வெளிவந்த சமணமும் தமிழும் என்னும் நூல். சமணத்தின் தத்துவம், துறவறத்தார் இல்லறத்தார் ஒழுக்கங்கள், தமிழகத்தில் அது பரவிய வரலாறு, சமயப் பூசலில் குன்றிய வரலாறு ஆகியவற்றை அந்நூல் முறையாக விளக்குகிறது. அதனினும் பயனுடையது, சமணத் திருப்பதிகளை மாவட்டந்தோறும் தொகுத்துக் கூறும் பகுதி. அறிக்கைகளில் சிதறிக் கிடந்த ஊர்ப் பெயர்கள் அங்கே ஓரிடத்தில் சேர்ந்தன. தம் ஊரின் பெயரை அதிற் காணும் வாசகர், வரலாற்றைத் தம் வாயிலிலேயே காண்கின்றார்.

எளிமைக்காக அவர் சான்றுகளைக் கைவிடவில்லை. சாசனத்தையும் நூலையும் சுட்டிக் காட்டியே எழுதினார். ஐயமுற்றவர் தாமே சரிபார்க்கலாம். பொதுமக்களை அறிவுடையோராக மதித்த பண்பு இது. பௌத்தத்தையும் கிறித்தவத்தையும் பற்றி எழுதியபோதும் அதே நடுநிலையைக் கடைப்பிடித்தார். இருண்ட காலம் எனப்பட்ட களப்பிரர் காலத்துக்கும் தனி நூல் எழுதி, அப்பெயர் பொருந்தாது என நிறுவ முயன்றார்.

1980இல் அவர் மறைந்தார். பின்னாளில் தமிழ்நாட்டரசு அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கியது. ஆராய்ச்சியும் நிற்கவில்லை. குகைக் கல்வெட்டுகளுக்கு ஐராவதம் மகாதேவன் அவர்கள் 2003இல் வெளியிட்ட பெருநூல் புதிய விளக்கங்கள் தந்தது. பழைய முடிவுகள் சில இதனால் திருத்தம் பெறலாம். எனினும் ஆராய்ச்சியை ஊர் மன்றத்துக்குக் கொணர்ந்த பெருமை குன்றாது.

கல்லுடைப்போரால் நம் மலைகள் பல சிதைந்தன. கற்படுக்கையை வெறும் பாறையென எண்ணும் ஊரில் அதைக் காப்பார் யாருமிலர். நோன்பிருந்த முனிவரின் இருப்பிடமென அறிந்த ஊரார் அதைச் சிதைய விடார். ஆகவே அவருடைய நூலை நம் இல்லந்தோறும் இளைஞர் கையில் கொடுப்போம். நம் ஊர்க் கல்வெட்டின் பொருளை அண்டை அயலாருக்கும் எடுத்துரைப்போம். அதுவே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன்.