கடலைத் தீட்டிய குடியானவர் மகன்

ஸ்காட்லாந்தின் மேற்கே கிண்டயர் என்ற நீண்ட தீபகற்பம் இருக்கிறது. அட்லாண்டிக் பேரலைகள் மோதும் அக்கரையில், 1835-ஆம் ஆண்டு ஏழைக் குடியானவர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர் வில்லியம் மெக்டாகர்ட்.

12 வயதிலேயே காம்பெல்டவுன் பட்டணத்து மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். ஆனாலும் படம் வரையும் ஆசை விடவில்லை. அவரை வேலைக்கு வைத்த மருத்துவரே ஊக்கம் கொடுத்தார். 16 வயதில் எடின்பரோ சென்று ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். ஆட்களின் உருவப்படம் எழுதிச் சம்பாதித்துக்கொண்டே படித்தார். 1870-இல் ராயல் ஸ்காட்டிஷ் அகாடமியின் முழு உறுப்பினரானார்.

பேரும் புகழும் வந்த பிறகும் பிறந்த மண்ணை அவர் மறக்கவில்லை. கோடையில் அந்தக் கரைக்கே போய், காற்றிலும் வெயிலிலும் நின்று கடலை வரைவார். 1890-இல் தீட்டிய 'புயல்' ஓவியத்தில், பொங்கும் கடலில் தத்தளிக்கும் படகைக் காப்பாற்ற மீனவர்கள் போராடுகிறார்கள். அலைக்கு முன்னால் மனிதர்கள் எவ்வளவு சின்னவர்கள்! இருந்தும் கையை விடவில்லை.

அக்காலத்தில் நிலத்தை இழந்து, வறுமை தாங்காமல் மலைநாட்டு மக்கள் ஆயிரக்கணக்கில் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறினார்கள். அந்தப் பிரிவை 1895-இல் ஓவியமாக்கினார். கப்பல் தூரத்தில் மறைகிறது. கரையில் நிற்பவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

1910-இல் அவர் மறைந்தார். எடின்பரோ தேசியக் கலைக்கூடத்தில் அவர் ஓவியங்கள் வாழ்கின்றன.

பெற்றோர்களே! நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் பிள்ளை படம் கிறுக்கினால் உடனே அடிக்கக் கையை ஓங்காதீர்கள். முதலில் அதை வாங்கிப் பாருங்கள். அன்று அந்த மருத்துவர் செய்த உதவியும் அதுதானே!