போலீஸ்காரர் வீட்டுப் பிள்ளை

நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை பிறந்தது காவிரிக் கரை மோகனூரில், 1888 அக்டோபர் 19 அன்று. அப்பா வெங்கடராமன், வெள்ளைக்கார சர்க்காரின் போலீஸ்காரர், அம்மா அம்மணியம்மாள். அந்தச் சம்பளத்தில் வளர்ந்த பிள்ளை முதலில் சித்திரக்காரரானார். 1930-ல் வேதாரண்யம் உப்பு யாத்திரைக்கு நடைப்பாட்டு எழுதினார். 1932-ல் அதே சர்க்காரின் ஜெயிலுக்கும் போனார். 1949-ல் சென்னை மாகாண அரசவைக் கவிஞர், 1971-ல் பத்மபூஷண், 1972-ல் மறைவு. சென்னைக் கோட்டையில் பத்து மாடி மாளிகை அவர் பெயரில் நிற்கிறது.

ஆனா, அந்தக் காலத்துப் போலீஸ்காரர் ஒருவர் பேரை இன்னிக்கும் நாம சொல்றோமே, எப்படி? மகன் 'என் கதை' என்று எழுதி வைத்தார். நம்ம பாட்டன், பூட்டன் பேரெல்லாம் பழைய கிரயப் பத்திரத்திலும் பாட்டிமார் நினைவிலும்தான் கிடக்கிறது. தம்பி, தங்கைகளே! இந்த லீவுக்கு ஊருக்குப் போனால் கேட்டு எழுதி வையுங்கள். பாட்டி போனால் பேரும் போயிடும்.