ஔவை சண்முகம்

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, உண்டாரை நெடிது வாழச்செய்யும் அருநெல்லிக் கனியைத் தான் உண்ணாது ஔவையார்க்கு ஈந்தான். அத்தகடூரே இன்று தருமபுரி என வழங்குகின்றது. அவ்வௌவையாரின் வேடம் பூண்டு நடித்து, அப்பெயரையே தம் பெயர்க்கு அடைமொழியாகப் பெற்ற நடிகர் ஒருவர் உண்டு. அவர் தி. க. சண்முகம் ஆவார்.

சண்முகம் 1912 ஆம் ஆண்டு பிறந்தார். அவர்தம் தந்தையார் கண்ணுசாமிப் பிள்ளை, பெண் வேடம் தாங்கி நடிப்பதில் பெயர்பெற்றவர். தந்தையின் புகழ் மைந்தனுக்கு வாயிலைத் திறக்கலாம். உள்ளே நிலைபெறச் செய்வது உழைப்பே அன்றோ? சண்முகம் ஆறாம் வயதிலேயே அவ்வுழைப்பைத் தொடங்கினார். 1918 ஆம் ஆண்டு, தமையன்மார் சங்கரன், முத்துசாமி ஆகியோருடன், மதுரையில் சங்கரதாச சுவாமிகள் நடத்திய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையிற் சேர்ந்தார்.

சிறுவர்களே எல்லா வேடங்களையும் ஏற்று நடிக்கும் சபை அது. பாடலும் உரையாடலும் பிழையறப் பயிலவேண்டும். பயின்றதை இரவெல்லாம் நடிக்கவேண்டும். சண்முகத்தின் ஆற்றலைக் கண்டு மகிழ்ந்த சுவாமிகள், அவருக்கென்றே அபிமன்யு நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார். நூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள் அமைந்த அந்நாடகம் நான்கு மணி நேரம் நடிக்கத்தக்கது. முதுபெரும் புலவர் ஒருவர் சிறுவன்மீது வைத்த நம்பிக்கையின் அளவு அது. அந்நம்பிக்கை பொய்க்கவில்லை. அபிமன்யுவாக நடித்த சண்முகத்தை மக்கள் பெரிதும் பாராட்டினர்.

1922 ஆம் ஆண்டு சுவாமிகள் புதுச்சேரியில் மறைந்தார். ஆசிரியர் என்னும் நிழல் நீங்கியது. பாட்டையே உயிராகக் கொண்ட அக்கால மேடையில், சிறுவர்க்குக் குரல் மாறும் பருவமும் பெருஞ்சோதனையாகும். அப்பருவத்தோடு மேடையை விட்டகன்றோர் பலர். சண்முகமும் உடன்பிறந்தாரும் தளரவில்லை. 1925 ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் தமக்கெனத் தனிச் சபை ஒன்றைத் தொடங்கினர். இளையவர் பகவதியும் தமையன்மாரோடு இணைந்து நடித்தார்.

பின்னர்ப் பேசும் படம் வந்தது. புராணக் கதைகளே மிகுதியாகப் படமாகிய அந்நாளில், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் சமூகக் கதையாகிய மேனகாவில் இச்சகோதரர்கள் நடித்தனர். ராஜா சாண்டோ இயக்கிய அப்படம் 1935 ஆம் ஆண்டு வெளிவந்தது. அப்போது சண்முகத்தின் அகவை இருபத்து மூன்று. திரையிற் புகழ் கிட்டியபின்னும் அவர் நாடக மேடையைக் கைவிட்டாரல்லர்.

முப்பது வயதையொட்டி அவர் ஏற்றதே ஔவையார் வேடம். இளைஞர் ஒருவர், கூனிய உடலும் நடுங்கும் குரலுமாய் மூதாட்டியாகவே மாறக் கண்டு மக்கள் வியந்தனர். தந்தையாரிடம் விளங்கிய கலை, மைந்தரிடம் புதிய வடிவிற் பொலிந்தது.

1972 ஆம் ஆண்டு வெளிவந்த எனது நாடக வாழ்க்கை என்னும் நூலில், தம் ஆசிரியரின் பெருமையை அவர் நன்றியோடு எழுதிவைத்தார். 1973 ஆம் ஆண்டு மறைந்தார்.

அதியமான் ஈந்த நெல்லிக்கனி முதலிற் புளித்துப் பின்னர் இனிக்கும் இயல்பினது. இளமையில் ஏற்கும் கடும்பயிற்சியும் அத்தகையதே.